கிழவிப்படுக்கையின் மண்

என் புருஷன் பெஸ்டி செத்த மறுநாள் காலை, துக்கம் கேட்க ஆட்கள் வந்து சேருமுன், நான் மண் அள்ளும் கைக்கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கிழவிப்படுக்கைக்குக் கிளம்பினேன். சாயங்காலம் சவப்பெட்டியை மூடிக் கோயிலுக்குக் கொண்டுபோவதற்குள், எங்கள் மகள் கிடக்கும் மண்ணில் ஒரு பிடியை அவர் கைக்குள் வைத்துவிட வேண்டும். அவளைத்தான் கல்லறைத்தோட்டத்துக்குள் விடவில்லை. அப்பன் கையில் மண்ணாகவாவது உள்ளே போகட்டும்.

கிழவிப்படுக்கை எங்கள் மேட்டு வயலில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நட்டுவைத்த பெருங்கற்கள், மேலே ஆடு நனையாமல் ஒதுங்குமளவுக்கு ஒரு மூடுகல். சாமியார்கள் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால் செத்தவர்களின் வீடு அது. ஞானஸ்நானம் வாங்காமல் செத்த குழந்தைக்குப் புனித மண்ணில் இடமில்லை என்று பங்குச்சாமியார் சொல்லிவிடுவார். அதனால் எங்கள் ஊரில் அப்படிப்பட்ட குழந்தைகளை இந்தக் கற்களைச் சுற்றித்தான் புதைத்தார்கள். பொழுது சாயும்போது அப்பன்காரன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவான், துணைக்கு இன்னொரு ஆண். பெற்றவள் கட்டிலில் கிடப்பாள். எங்கே வைத்தாய் என்று அவள் கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். இது சாமியாரின் சட்டமா, ஆண்களின் சட்டமா, எனக்குத் தெரியாது. இரண்டு தரப்பையும் நான் மன்னிக்கவில்லை.

என் மகள் ஜனவரியில் பிறந்தாள். அழவேயில்லை. ஆக்னஸ் என்று மனதுக்குள் பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை.

அந்த வருஷக் கோடையில் பெஸ்டி இங்கிலாந்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டு வந்தார். வந்த சில வாரத்தில், வேலிச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவிப்படுக்கைக்குத் தெற்கே ஒரு வெள்ளைக் கல்லருகில் நின்று தொப்பியைக் கழற்றினார். அதன்பின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கழற்றினார். எனக்கு அது போதும். நாற்பது வருஷமாக ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கல்லடியில் மஞ்சள் பூ வைத்தேன். அவர் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

பக்கத்து வீட்டு டீலியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்கு முந்தின வருஷம் அவளுடைய மகனும் அப்படியே போனான். அவள் புருஷன் கோல்மனோடு துணைக்குப் போனது பெஸ்டி. எங்கள் மகளுக்குத் துணை போனது கோல்மன். நான் பூ வைப்பதைப் பார்த்து டீலியாவும் தன் பிள்ளையை எங்கே வைத்தாய் என்று கேட்டபோது, அந்த மனுஷன் மறந்துபோச்சு என்றான். அன்றோடு அவனோடு பேச்சை விட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் நாயிடம் சொல்வாள்: "அந்த ஆளுகிட்ட சொல்லு, உருளைக்கிழங்கு வெந்திடுச்சாம்." அவனும், "அவகிட்ட சொல்லு, வர்றேன்னு" என்பான். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். பூவோடு அவள் வாசலைக் கடக்கும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். "போடி போ, உனக்கென்ன, உனக்கொரு கல்லு இருக்கு" என்பாள் டீலியா.

அன்று தூறல். வெள்ளைக் கல்லடியில் முட்டிபோட்டுப் புல்லை விலக்கி, கைக்குட்டையில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தேன். துக்கத்துக்கு வருகிற கார்களை நிறுத்த மேட்டு வயல் வாசலைத் திறந்துவிட கோல்மன் வந்திருந்தார் போல. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சபினா, என்ன பண்றே?"

"பாத்தா தெரியலயா? பெஸ்டி பெட்டிக்குள்ள வைக்க எம் மக மண்ணு."

"அதை எடுக்காத."

"எதுக்கு? சாமியார் வைவாரா? வையட்டும். அந்தாளு வஞ்சா எனக்கென்ன குறைஞ்சுபோச்சு?"

அவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினார். மழை அவர் வழுக்கை மண்டையில் வழிந்தது. "அது உம் மக இல்ல தாயி. அது எம் பையன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நீதான் மறந்துபோச்சுன்னியே."

"எப்படி மறக்கும்? நானே தோண்டினேன். அந்தக் கல்லை நானும் பெஸ்டியுமா உருட்டிக்கிட்டு வந்து வச்சோம்."

"அப்ப எம் பொண்ணு எங்க?"

கோல்மன் மூடுகல்லுக்கு அடியில் இருந்த இருட்டைக் காட்டினார். "உறைபனி. மம்பட்டி இறங்கவே இல்ல. பெட்டியோட திரும்பி உன் முகத்துல முழிக்க அவனால ஆகல. உள்ள கடைசில வச்சு, கல்லை அடுக்கி மூடினோம். பனி விட்டதும் நல்லாப் புதைக்கலாம்னான். அதுக்குள்ள ரெண்டு பேரும் இங்கிலாந்து போயிட்டோம். அந்தக் கோடையில தோண்டுறவங்க வந்தாங்களே, ஞாபகமிருக்கா?"

எனக்கு ஞாபகமிருந்தது. பழைய எலும்பு தேடி வந்த படித்த பையன்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு நானே பாலும் ரொட்டியும் கொடுத்தேன்.

"நாங்க வந்து பாக்கறப்ப உள்ள சமையக்கட்டு மாதிரி கூட்டிப் பெருக்கிக் கிடந்துச்சு. எல்லாத்தையும் பெட்டி பெட்டியா டப்ளினுக்குக் கொண்டுபோயிட்டாங்க. பெஸ்டி பின்னாலயே போனான், பந்து மேட்ச் பாக்கப் போறதா உங்கிட்ட சொல்லிட்டு. ஒருத்தனுக்கும் தெரியல. எந்த எலும்பு எதுன்னு அவனுங்களுக்கே தெரியல."

மேட்ச் பார்த்துவிட்டு வந்து அவர் ஒரு வாரம் படுத்தே கிடந்தார். குடித்த குடி என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நீ வேலிச்சுவத்துகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தே. அவளுக்கு ஒரு கல்லாவது வேணும் கோல்மன்னு அழுதான். நான் என் கல்லைக் குடுத்தேன். டீலியாகிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் ஒரே கல்லுக்குப் பூவோட வந்து நிப்பீங்க. அதனாலதான் மறந்துபோச்சுன்னேன்."

"உம் பொண்டாட்டி உங்கூட பேசாமப் போனாளே, அப்பவாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

மண்ணைத் திருப்பிக் கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். கல் எனக்கே இருந்திருக்கும். அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், மேட்டிலிருந்து இறங்கும்போது முழு வழியும் அதையே நினைத்தேன்.

என் சமையலறையில் டீலியா வருகிறவர்களுக்காகப் பன்றி இறைச்சியை நறுக்கிக்கொண்டிருந்தாள். "எங்கடி போனே நனைஞ்சுக்கிட்டு? பெஸ்டியை உள்ள தனியா விட்டுட்டு" என்றாள். நான் கைக்குட்டையை அவள்முன் வைத்தேன்.

"இதென்ன?"

"உம் மகன் மண்ணு டீலியா. நான் பூ வச்ச கல்லு உன்னோடது. எனக்கு இப்பத்தான் தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கேட்டாள். கடைசியில், "அப்ப அந்த ஆளு மறக்கலயா?" என்றாள்.

"மறக்கல."

நாற்காலியில் உட்கார்ந்தாள். கைக்குட்டையை அவிழ்த்து, ஈர மண்ணை ஒரு விரலால் தொட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாதி எடுத்துக்க சபினா. பெஸ்டி கையில வை. வெறுங்கையோட போக வேணாம்" என்றாள்.

என் கை நீண்டது. நீட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு இழுத்துக்கொண்டேன். "வேணாம்டி. நாப்பது வருஷமா நான் வச்சிருந்தாச்சு."

சாயங்காலம் சவப்பெட்டியை மூட பெட்டிக்காரர்கள் வந்தார்கள். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவர் காதருகே குனிந்தேன். "பாவி மனுஷா, ஒரு தடவை சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போமே" என்றேன். மணிமாலை சுற்றிய அவர் விரல்களை விரித்துப் பார்த்தேன், மறுபடி மடக்கிவிட்டேன்.

பெட்டிக்காரர் வாசலில் நின்று, "உள்ள எதாச்சும் வைக்கணுமாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மூடினார்கள்.