முகப்பு விளக்குக்கு ஒரு குடம்

நாகநாதனுக்கு வந்த ஆத்திரத்தில் காரின் முகப்பு விளக்கை ஒரே உதையில் பெயர்த்திருப்பான். காலில் செருப்பு இல்லாததால் விளக்கு தப்பியது.

விஷயம் இதுதான். அவனுடைய வாடகைக் காருக்கு எட்டு வயது. வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து, முன்னால் இருந்த இரண்டு விளக்குகளின் பிளாஸ்டிக் மூடியையும் மஞ்சள் பூக்க வைத்து மங்கடித்திருந்தன. காலையில் வண்டிக்குத் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., எடுக்க ராமநாதபுரம் கொண்டு போனபோது, பிரேக் இன்ஸ்பெக்டர் லைட்டைப் போடச் சொன்னார். போட்டான். "போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டுத்தான் இருந்தது.

"நாளைக்குக் காலையில தெளிவா வெளிச்சம் வரணும். இல்லாட்டி அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் வந்து என்ன செய்ய? நாளை மறுநாள் ஆடி அமாவாசை. பரமக்குடிக் குடும்பம் ஒன்று வருஷா வருஷம் அவன் காரில்தான் ராமேஸ்வரம் போகும். ஒரு தடவை வேறு வண்டியில் ஏறிப் பழகிவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் கூப்பிட மாட்டார்கள். எஃப்.சி. இல்லாத வண்டியை எடுத்தால் பாம்பன் பாலத்தைக்கூடத் தொட முடியாது. அமாவாசைக்கு வழிநெடுகச் செக்கிங்.

புது விளக்கு மதுரையிலிருந்து வர நாலு நாள் ஆகுமாம். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டீக்கடை மலையாண்டி பற்பசை போடச் சொன்னான். பூசித் தேய்த்ததில் விளக்குக்குப் புதினா வாசம் வந்தது, வெளிச்சம் வரவில்லை.

கடைசியில் பெயிண்டர் வாவு முகம்மதுக்குப் போன் போட்டான். அவர் பாம்பனில் ஒரு படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். காற்று இரைச்சலில் அவர் பேச்சு பாதிதான் கேட்டது.

"தேய்க்கிறதுக்கு வாட்டர் பேப்பர் வாங்கிக்க, நாகநாதா. மொதல்ல எண்ணூறாம் நம்பரு, அப்புறம் ரெண்டாயிரம். மேல இருக்கிற மஞ்சத் தோலு உரியணும். வெள்ளையாப் போச்சேன்னு பயந்துராத. நல்ல தண்ணி ஊத்தித் தேய்க்கணும். காஞ்சதும் கிளியர் ஸ்பிரே ரெண்டு கோட்டு. அம்புட்டுத்தான்."

நாகநாதன் காதில் விழுந்தது, 'நல்லா தண்ணி ஊத்தித் தேய்க்கணும்.' ஊற்றிவிட்டால் போயிற்று, தண்ணீருக்கா பஞ்சம்? கொல்லையில் போர் இருந்தது. அதில் வருவது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். அதனாலேயே எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஹோஸைப் போட்டு, முற்றமே சேறாகும்படி ஊற்றினான். மதியம் வரை தேய்த்ததில் தோள்பட்டை கழன்றது. மஞ்சள் போய் விளக்கு வெளுத்தது. சொன்னபடியே பயப்படாமல் வெயிலில் காயவிட்டு ஸ்பிரே அடித்தான். அடித்த மாத்திரத்தில் தெளிந்தது. அரை மணி நேரத்தில் ஸ்பிரேக்கு அடியில் திட்டுத் திட்டாக வெள்ளை பூத்தது. அவன் செருப்பைத் தேடியது அப்போதுதான்.

மறுபடி போன் போட்டான். "பாய், நீங்க சொன்னபடிதான செஞ்சேன்? நல்லா தண்ணி ஊத்தச் சொன்னீகளா இல்லையா?"

"என்ன தண்ணி ஊத்துன?"

"போர்த் தண்ணிதான்."



"யா அல்லா! நல்லா தண்ணி இல்லப்பா, நல்ல தண்ணி! நல்ல தண்ணி! போர்த் தண்ணி காஞ்சா உப்பு அங்கனயே ஒட்டிக்கிரும். நீ அதை உள்ள வச்சு ஸ்பிரேயால பூட்டிட்ட. எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு மொதல்லருந்து செய்யி."

ஒரு துணைக்காலில் அரை நாள் போயிற்று. ஆனால் அவனை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அந்த ஊரில் குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுவதை யாரும் கனவிலும் நினைக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும்தான். அடுப்படியில் இரண்டு குடம் இருந்தது. சத்தமில்லாமல் உள்ளே போய் ஒன்றைத் தூக்கப் பார்த்தான்.

"அதுல ஏன் கை வைக்கிறீக?" என்றாள் அவன் மனைவி மீனம்மாள்.

சொன்னான்.

"நான் தலைக்குக் குளிக்கிறதே உப்புத் தண்ணில. முடியெல்லாம் சிக்குப் பிடிச்சுக் கெடக்கு. காருக்கு நல்ல தண்ணி கேக்குதோ?"

"நாளைக்கு எஃப்.சி. ஆகலைன்னா பரமக்குடிக்காரக கைய விட்டுப் போயிருவாக, மீனா."

மீனம்மாள் அவனை முறைத்தாள். வாசலுக்குப் போய் விளக்கையும் முறைத்தாள். பிறகு ஒரு குடத்தை இடுப்பில் தூக்கி வந்து காருக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊற்றும் வேலையை அவனிடம் விடவில்லை. செம்பில் மொண்டு, அவன் தேய்க்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வடிந்ததைச் சட்டியில் பிடித்து முருங்கைக்கு ஊற்றினாள். "ம், தேய்ங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பொழுது சாய்வதற்குள் இரண்டு விளக்கும் முடிந்தன. இந்த முறை வெள்ளை பூக்கவில்லை.

மறுநாள் காலை பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். 'எப்படித் தெளிந்தது' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாகநாதனுக்கு அதிலும் எரிச்சல்தான். பெண்டாட்டியாவது பார்க்கட்டும் என்று பட்டப்பகலில் லைட்டை எரியவிட்டபடியே வீடு வந்து சேர்ந்தான்.

மீனம்மாள் வாசலில் ஆறு காலிக் குடங்களோடு நின்றாள். லைட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து குடங்களைச் சீட்டில் அடுக்கினாள்.

"ஏய், சீட்டு நனைஞ்சிரும்! நாளைக்கு ஆளுக உக்காரணும்!"

"காயும். குழாயடிக்கு விடுங்க. உங்க லைட்டு குடிச்ச தண்ணிய யாரு கொண்டாந்து வைக்கிறது?"

அவன் வண்டியை எடுத்தான். யார் ஏறினாலும் முதலில் கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்வது அவன் வழக்கம். கண் தானாக அங்கே போயிற்று. கருவேலங்காட்டைத் தாண்டி, கண்மாய்க்கரை ஏறி இறங்கிக் குழாயடியில் நிறுத்தியபோது மறுபடி பார்த்தான். இரண்டு கிலோமீட்டர், நானூறு மீட்டர். தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக அவள் திரும்பி வருகிற தூரம். எத்தனையோ பேரை எங்கெங்கோ கொண்டுபோய் விட்டவனுக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது.

"தெனமும் இம்புட்டுத் தூரமா வார?" என்று கேட்டான்.

"இது கிட்டக் குழாயி" என்றாள் மீனம்மாள், குடங்களை இறக்கிக்கொண்டே. "இங்கன தண்ணி வராத அன்னைக்குத்தான் தூரம்."