சாலையைக் கடந்த கொடிகள்

ஷத்தோ உர்தியாக் என்ற ஒயின் எஸ்டேட்டின் மேல்தோட்டத்துத் திராட்சைக் கொடிகள் ஒரு பிப்ரவரிக் காலையில் வேரோடு எழுந்து, சாலையைக் கடந்து, எதிர்வீட்டுக் கஸனாவின் முட்டைக்கோஸ் கொல்லையில் போய் நின்றுகொண்டன. அன்று போர்தோ சந்தையில் வெங்காயம் சற்று விலை ஏறியிருந்தது.

எஸ்டேட்டுக்காரி எலோயீஸுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. கவாத்து வேலை பாதியில் கிடந்தது, பீப்பாய் செய்பவன் சொன்ன நாளுக்கு வரவில்லை, இதில் இது வேறு. ஆட்களோடு போய்க் கொடிகளைப் பிடுங்கி வண்டியிலேற்றிப் பழைய இடத்திலேயே நட்டாள். மறு பிப்ரவரியில் மறுபடி போயின. கம்பிவேலி போட்டாள், வேலியையும் இழுத்துக்கொண்டு போயின. பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அந்த வருடம் கொஞ்சம் வேகமாகப் போயின. நடந்த கொடியின் பழத்தில் சாறு நல்ல அடர்த்தி என்று கிடங்கு மேஸ்திரி லுசியன் சொல்லப்போக, ஒரு வாரம் அவன் முகத்திலேயே அவள் விழிக்கவில்லை.

கொடி நடப்பதல்ல அவள் கவலை. உர்தியாக்கின் பேரே மேல்தோட்டத்துச் சிவப்பு ஒயினால் வந்தது. ராஜா காலத்தில் நட்ட கொடிகள், ஊரையே கருக்கிய பெரிய உறைபனியும் தொடாதவை என்று அவள் அப்பா விருந்துக்கு விருந்து சொல்லி, பாட்டில் லேபிளிலும் அச்சடித்திருந்தார். அடுத்தவன் மண்ணில் விளைந்ததற்கு அந்தப் பேரை எப்படி ஒட்டுவது?

பொறுத்துப் பார்த்து, கடைசியில் சாலையைக் கடந்து போனாள். அப்பாக்கள் காலத்திலிருந்தே இரு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

"என்னத்தப் போட்டு இழுக்கறீங்க, முசியே?"

"நான் ஏன் மதாம் இழுக்கப்போறேன்? நிழல்ல என் கோஸெல்லாம் அழுகுது. கூட்டிட்டுப் போங்க."

"கூட்டிட்டுப் போனா நிக்குதா?"

"நிக்காது. அதுங்களுக்கு இதுதான் பொறந்த வீடு."

உறைபனியில் உர்தியாக் முழுக்கக் கருகிப்போனதையும், ஆற்றோரமாக இதே கொல்லையிலிருந்த தன் அப்பாவின் கொடிகள் மட்டும் தப்பியதையும், அவள் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நடுவதற்குக் கட்டுக்கட்டாய்க் கொடிக்குச்சி வாங்கிப் போனதையும் கஸனாவ் கோபமில்லாமல் சொன்னான். நன்றியாக வந்தது ராஜா பேர் போட்ட லேபிள். அதைப் பார்த்த அன்றே அவன் அப்பா தன் கொடிகளை வெட்டியெறிந்து கோஸ் போட்டுவிட்டார். எலோயீஸ் அப்போது பாரீஸில் இருந்தாள். மேல்தோட்டத்துத் தண்டுகள் ராஜா காலத்துத் தடிமன் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்ததைக் கேட்காமலிருப்பது அந்தக் குடும்பத்தில் மரியாதை.

"இதை மொத வருஷமே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"நீங்க எங்க கேட்டீங்க? வந்தீங்க, பிடுங்கிட்டுப் போனீங்க."

அந்த அறுவடையின் லேபிளில் ராஜா போய்க் கஸனாவ் வந்தார். பாரீஸ் வியாபாரிகள் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். உண்மையைச் சொன்ன பிறகாவது கொடிகள் திரும்பும் என்று எலோயீஸ் உள்ளூர எதிர்பார்த்தாள். திரும்பவில்லை. கஸனாவின் கொல்லையிலேயே செழித்தன. அவளும் கத்தரிக்கோலோடு தினம் அங்கே போய்வந்தாள். மறு பிப்ரவரியில் கீழ்த்தோட்டமும் கிளம்பியது; அதுவும் அதே குச்சிகளில் வந்ததுதான்.

"போங்க, போய்த் தொலைங்க" என்று வாயிற்கதவை அகலத் திறந்துவிட்டாள். சாலையில் வந்த ரொட்டி வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கடைசிக் கொடி கடக்கும்வரை காத்திருந்தார். அன்று ஊரில் ரொட்டி கொஞ்சம் தாமதம்.