இரண்டு கிலோ வஞ்சம்

1

இரண்டு கிலோ கல்லுப்புப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தார் சென்னிமலை. எதிரே சாம்பார் அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. காரமடைக் கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு இன்னும் பத்தே நிமிடம். அறுபது வயது, தலைமுடி மட்டும் கன்னங்கரேல். அந்த முடிக்குக் கீழே ஓர் எரிமலை

(எரிமலை வேண்டாம். வாரம் ஒன்றாக வெடிக்கவைத்து எனக்கே சலித்துவிட்டது.)

2

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கப்பலில் பிறந்தது. சின்ன வயதில் நான் படித்த சாகசக் கதைகளில் வஞ்சம் தீர்க்கும் நாயகன் எதிரியின் கப்பலை மூழ்கடிப்பான், நான் கைதட்டுவேன். அந்தக் கப்பலில் ஒரு சமையல்காரரும் இருந்திருப்பாரே, அவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. நாமும் ஒரு கப்பலைக் கவிழ்ப்போம் என்று உட்கார்ந்தேன். கோயமுத்தூரில் கடல் இல்லை. அண்டா இருந்தது.

3

வஞ்சத்துக்குக் காரணம்?

கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் சென்னிமலையின் லேத் பட்டறையும் மோகன்குமாரின் பட்டறையும் முப்பது வருஷமாக ஒட்டுச்சுவர். இன்று மோகன்குமார் மகள் நித்யஸ்ரீக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வீடு தேடி வந்து, தட்டில் வைத்து, வாய் நிறையக் கூப்பிட்டால்தான் அதற்குப் பெயர் அழைப்பு. சென்னிமலைக்குக் கிடைத்ததோ கேட் கம்பியில் செருகிய பத்திரிகை. கேபிள் டிவி நோட்டீஸ் மாதிரி.

பொங்குகிறதல்லவா? எனக்கும் பொங்கியது. 'கொட்டினார்' என்று எழுதியே விட்டேன்.

4

அப்போதுதான் சமையல் நஞ்சம்மாள் வந்து தொலைத்தார். நான் கூப்பிடவேயில்லை.

"ஏனுங்ணா, அங்க என்னங்க பண்றீங்க?"

"உப்புப் பாக்கறனுங்க அம்மணி."

"நல்லதாப் போச்சுங்க. போன கல்யாணத்துல கரிச்சுப்போச்சுன்னு என்னைய உண்டில்லைன்னு பண்ணிப்போட்டாங்க. இன்னிக்கும் அப்படி ஆச்சுன்னா அப்பறம் யாருங்க என்னையக் கூப்புடுவாங்க? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார். இனி கொட்டினால் மூழ்குவது மோகன்குமார் இல்லை. 'கொட்டினார்' என்பதை அடித்தேன்.

[முடிவு அ: கொட்டுகிறார். எண்ணூறு பேர் ஒரே குரலில் தண்ணீர் கேட்கிறார்கள். நஞ்சம்மாள்... இல்லை, இதை என்னால் எழுத முடியாது.]

[முடிவு ஆ: மோகன்குமார் ஓடிவந்து, "வாங்ணா, முதல் பந்தியிலயே உக்காருங்ணா" என்று கையைப் பிடிக்க, இருவர் கண்ணீரும் அண்டாவில் (அடித்துவிட்டேன். அதுவும் உப்புத்தான்.)]

5

"ஏனுங் சார், கொட்டட்டுங்களா வேண்டாமுங்களா? கை வலிக்குதுங்க" என்கிறார் சென்னிமலை.

நீங்களே அவருக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அதற்கு முன் ஒன்று. நீங்கள் அவர் பக்கம் நிற்கவேண்டும் என்பதற்காக மூன்றாம் பகுதியில் ஒரு விஷயத்தை விழுங்கிவிட்டேன்.

பத்திரிகையைச் செருகிய அன்று மோகன்குமாரும் மனைவியும் தட்டோடு கேட்டில் கால் மணி நேரம் நின்று "ஏனுங்ணா, ஏனுங்ணா" என்று கூப்பிட்டார்கள். மறுநாளும் வருவார்கள் என்று சென்னிமலை காத்திருந்தார். வரவில்லை, அது நிஜம். ஆனால் முதல் நாள் அவர் வீட்டில்தான் இருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இடுப்பில் துண்டோடு, தலை நிறைய டை அப்பிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் குந்தியிருந்தார்.

இந்தக் கல்யாண போட்டோவுக்காக ஒரு வெள்ளோட்டம்.