காதில்லாத இனம்

வெட்டுக்கிளிக்குக் காது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் தலையைத் தொட்டுக் காட்டுவார்கள். முட்டாள்கள். குட்டைக்கொம்பு இனத்துக்குக் காது வயிற்றின் இரண்டு பக்கமும், இடுப்பு தொடங்கும் இடத்தில். நெட்டைக்கொம்பு இனத்துக்கு முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. முதலாவது பின்காலை இறக்கையில் தேய்த்துப் பாடும். இரண்டாவது இறக்கையோடு இறக்கையை உரசிப் பாடும். மூன்றாவதாக ஒன்று உண்டு. விரல் நகத்தளவுதான் இருக்கும், மண் நிறம், முதுகுப் பலகை வால்வரை நீண்டு கிடக்கும். ஈரச் சேற்றோரம் வாழும். அதற்குக் காதும் இல்லை, பாட்டும் இல்லை.

அந்த மூன்றாவது இனம்தான் 1954 ஆவணி மாதத்திலிருந்து, செத்து அட்டையில் ஒட்டப்பட்ட பிறகு, என் மேஜைமேல் தினமும் உச்சிவேளையில் கத்திக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டில் ஊரார் ‘பூச்சி ஆபீஸ்’ என்று சொன்ன இரண்டு அறைக் கட்டடத்தில், வெட்டுக்கிளிகளை இனம் பிரித்து எழுதி வைப்பது என் வேலை. பெயர் தேசிகன். மூக்குக்குமேல் கோபம் வரும் ஆசாமி என்று என் மனைவி வத்சலா சொல்வாள்; பொய்யில்லை. எனக்குப் பூச்சி பிடித்துக் கொடுத்தவன் சின்னையன். படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவன், என் வயதுக்காரன். பூச்சியின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பை அவன் மீசை என்பான். தூரத்தில் புல் அசைவதைப் பார்த்தே “குட்டை மீசை சாமி” என்பான். ஒருநாளும் தப்பியதில்லை.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. நடுப்பகலில் என்னைக் கூப்பிட்டால் மூன்று தரம் கூப்பிடுவான். உச்சிவேளையில் பேய் ஒரு தரம் கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தரம். மூன்று தரம் கூப்பிடுகிறவன்தான் மனுஷன் என்பது அவன் மனைவி காசியம்மாள் வீட்டில் போட்டிருந்த சட்டம்.

“ஏண்டா, பேய்க்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதோ?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சா அது ஏன் சாமி பேயா கீது?” என்றான்.

சிரித்தேன். ஆனால் போகப்போக நானும் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் தலை தூக்கினேன். பேய்ப் பயமெல்லாம் இல்லை, சோம்பல்.

அந்த ஆவணியில் ஒருநாள் நடுப்பகலில் மாமல்லபுரத்துக்கு மேற்கே, கால்வாய்க் கரைச் சவுக்குத் தோப்பில் இருந்தோம். மூன்றாவது இனத்தைத் தேடி அவன் சேற்றுக்கு இறங்கிப் போனான். நான் நிழலில் உட்கார்ந்து, ஒரு குட்டைக்கொம்பின் மீசையில் எத்தனை கணு என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றில் இருந்தபோது “சாமீ!” என்றான். எண்ணிக்கை தப்பியது. சனியனே என்று முனகிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பதினாறில் இரண்டாவது “சாமீ!” வந்தது. இந்தத் தடவை விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். மூன்றாவது குரலில் தண்ணீர் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், இன்னும் ஐந்தாறு கணுதானே என்று எண்ணி முடித்தேன். இருபத்து நான்கு. நோட்டில் எழுதி, பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு நடந்தேன்.

அறுபது அடி தூரம்கூட இருக்காது. அவனுடைய பூச்சி வலையின் கம்பு சேற்றில் செங்குத்தாக நின்றது. பக்கத்தில் தண்ணீர் அசையவே இல்லை.

படகுக்காரர்கள் ஓடிவந்து உளைச் சேற்றிலிருந்து அவனை இழுத்துப் போட்டார்கள். “நீங்க எங்க சாமி இருந்தீங்க?” என்று யாரோ கேட்டார்கள். “நான் ரொம்பத் தள்ளி இருந்தேன். ஒரு சத்தமும் கேக்கலை” என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது. போலீஸ்காரரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அவன் இடுப்பில் கட்டியிருந்த பாட்டிலில் ஏழு பூச்சிகள் இருந்தன. ஊசி தாங்காத சின்ன உடம்பு என்பதால் அட்டை முனையில் ஒட்டி, கீழே இடம், தேதி, பிடித்தவர் சின்னையன் என்று சீட்டு எழுதி, அந்துருண்டை போட்டுப் பெட்டியை மூடினேன். அவன் செத்த எட்டாம் நாள் கடிகாரம் பன்னிரண்டு அடித்து ஓய்ந்ததும் பெட்டிக்குள் ‘கிர்ர்’ என்றது. சற்றுப் பொறுத்து மறுபடி, அப்புறம் மூன்றாவதாக ஒரு தரம். திறந்தால் ஏழும் அப்படி அப்படியே இருந்தன. மறுநாளும் மூன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வீட்டுக்கே தூக்கிப்போய் வத்சலாவைக் கேட்கச் சொன்னேன். “ஒண்ணும் கேக்கலையேன்னா. உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

கார்த்திகையில் காசியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். அடையாளமே தெரியவில்லை. எலும்பும் தோலுமாக, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சாமி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் பூட்றேன். மெய்யாலுமே அவரு கூப்டவே இல்லியா?”

“ஏன் கேக்கறே?”

“அன்னிக்கிக் காலைல கஞ்சி தீஞ்சி போச்சின்னு கத்துனாரு. எங்கனா போயி சாவுய்யான்னுட்டேன். அதான் சேத்துல கால் மாட்டியும் ஒரு குரல் குடுக்காம பூட்டாரு. நான்தான் கொன்னுட்டேன். சோத்தைக் கண்டாலே தொண்டை அடைச்சிக்கினு கீது சாமி.”

இவள் பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருந்தாள், என் பொய்யால். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ அதிலும் ஒரு சந்து தேடினேன்.

“கூப்பிட்டான், காசியம்மா. ரெண்டு தரம். உச்சிவேளை, பேயோ என்னவோன்னு நான் எழுந்திருக்கலை.” பேயைக் கிண்டலடித்த வாய் இது. தூ!

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்து, அப்படியே வாடிவிட்டது.

“ரெண்டா? அவரு மூணுக்குக் கொறைய கூப்ட மாட்டாரே. மூணாவது கூப்டறதுக்குள்ள என் பேச்சு நெனப்பு வந்துருக்கும். போதும்னு வுட்டுட்டாரு.”

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பெட்டிக்குள் ‘கிர்ர்’ என்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது தரம் வந்தது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதும் வந்தது.

“மூணு!” என்று கத்திவிட்டேன். “மூணு தரம் கூப்பிட்டான். கடைசி மூச்சு வரைக்கும் கூப்பிட்டான். அவன் சாக நினைக்கலை. நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்குக் கேட்டது. மீசை எண்ணிண்டு உக்காந்துட்டேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “மூணும் கூப்டாரா! அப்ப வூட்டுக்கு வரணும்னுதானே நெனச்சிக்கினு இருந்தாரு!” என்று அழுதாள், சிரித்தாள், மார்பில் அடித்துக்கொண்டாள். தண்ணீர் கேட்டாள். செம்பு நிறையக் கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்தாள். எனக்கும் மூன்று மாதப் பாரம் இறங்கியது போல இருந்தது. வெட்கம்கெட்ட மனசு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பி, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“அவரு வூட்டுக்கு வந்து கதகதயா சொல்லுவாரு. இந்தப் பூச்சிக்கி வயித்துல காது, அந்தப் பூச்சிக்கி முட்டிக்கால்ல காதுன்னு. உனக்கு எங்கய்யா கீது?”

பதிலுக்கு நிற்காமல் வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் பதினொன்றரைக்கே பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கூப்பாட்டுக்கே “வந்துட்டேன்டா சின்னையா” என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். பன்னிரண்டு அடித்தது. ஒன்றும் கேட்கவில்லை. மூடியைத் திறந்து, அந்துருண்டை நெடியோடு காதை வைத்துப் பார்த்தேன். அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். ஏழு பூச்சிகளும் தங்கள் இனத்துக்கு உரிய மாதிரி ஊமையாக இருந்தன.

இப்போதும் தினம் பன்னிரண்டுக்குப் பதில் சொல்லத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன். அவன்தான் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.