மதியத்துக் கம்பி

பத்ரிநாராயணன் மேசையின் குறுக்கே தள்ளிய தாளை ராஜமாணிக்கம் கையில் எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே படித்தார். பெரிதாக ஒன்றுமில்லை, நாலே வரி. 'டிரெய்லர் லோடின் மேல் உட்கார்ந்து வந்த நான், மின்கம்பியின் கீழே கவனக்குறைவாக எழுந்து நின்றுவிட்டேன். இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல.' கீழே பாலகிருஷ்ணன் என்று டைப் அடித்து, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தார்கள்.

"கையெழுத்துக்குத்தான் வழியில்லையே. இடது பெருவிரல் ரேகை போதும். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை, அதுக்குள்ள வேணும்," என்றான் பத்ரிநாராயணன். அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. இத்தனை நாளில் ஒரு டிரெய்லரின் மேலும் ஏறிப் பார்த்தவனில்லை. "நீங்க கேட்டா அவர் மறுபேச்சு பேசமாட்டார் சார்."

அது உண்மைதான். ராஜமாணிக்கம் தாளையும் இங்க் பேடையும் ஒரு கேரி பேக்கில் போட்டுக்கொண்டு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் ஓரிடத்தில் வேலை முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் போகவேண்டும். கழற்றினால் நாற்பது டிரெய்லருக்குக் குறையாது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, அதேபோல் அக்கக்காகக் கழற்றிப் படுக்கப் போட்டாலும் ஒவ்வொரு துண்டும் இரண்டு ஆள் உயரம் நிற்கும். இப்படி இடம் மாற்றிக் கொடுப்பதுதான் கம்பெனியின் தொழில். அந்த நாற்பது வண்டிக்கும் முன்னால் வழியைப் பார்த்துவைப்பது ராஜமாணிக்கத்தின் வேலை. எந்தப் பாலம் தாங்கும், எந்த வளைவில் வண்டி திரும்பும், எந்தக் கம்பி எத்தனை அடியில் தொங்குகிறது என்று நடந்தே அளந்து ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சீட்டை நம்பித்தான் வண்டிகள் போயின. இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

கரண்ட் கம்பியை அளப்பதற்கு மட்டும் ஒரு முறை உண்டு. மதியம் இரண்டு மணிக்கு மேல், வெயில் உச்சியில் அடிக்கும்போதுதான் அளக்க வேண்டும். காலைக் குளிரில் விறைத்து மேலே நிற்கும் கம்பி, வெயில் ஏறி, கொல்லைகளில் மோட்டார்களும் ஓட ஆரம்பித்தால் சூடேறித் தொங்கிவிடும். "மதியத்துக் கம்பிதான் கம்பி, காலைக் கம்பி பொய் சொல்லும்" என்று ராஜமாணிக்கம் சொல்லாத நாள் கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவரைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரிக்கிற அளவுக்குச் சொல்லியிருந்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை வேறென்ன?

மாசி மாதம் அது. சேத்தியாத்தோப்புக்கும் கம்மாபுரத்துக்கும் நடுவே ஒன்பது கம்பிகள் பாக்கி இருந்தன. அன்று பத்து மணிக்கு மகள் கயல்விழிக்குப் பழமலைநாதர் கோயிலில் நிச்சயதார்த்தம். மறுநாள் காலையில் கம்பெனிக்குச் சீட்டு போயாக வேண்டும். விடியற்காலை ஆறு மணிக்குப் பனியில் நின்று ஒன்பதையும் அளந்தார். சீட்டில் நேரம் எழுதுகிற கட்டத்தில் மதியம் 2.15 என்று எழுதினார். இன்னொரு நாள் மதியத்தில் வந்து சரிபார்த்துவிடலாம் என்று நினைத்தது நிஜம். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

ஏழாவது கம்பிக்கும் லோடுக்கும் நடுவே ஐந்தரை அடி இருப்பதாகச் சீட்டு சொன்னது. நாலரை அடிக்குக் கீழே இருந்தால்தான் கரண்டை நிறுத்தச் சொல்லிக் கேட்பார்கள். ஐந்தரை என்றால் தாராளம். பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் ரிக்கின் அடித்தளத்தை ஏற்றிய டிரெய்லர் அந்தக் கம்பிக்கு அடியில் ஊர்ந்தது. டெலிபோன், கேபிள் டிவி வயர்களைக் கோலால் தூக்கிவிடுவதற்காக லோடின் உச்சியில் பாலகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான். டிரைவருக்கு 'வா, வா' என்று காட்ட வலது கையை உயர்த்தினான். அவ்வளவுதான். கை தோளோடு போயிற்று. மின்சாரம் வெளியேறிய இடத்தில் குதிகால் வெடித்தது.

மறுநாள் மதியம் ராஜமாணிக்கம் யாரிடமும் சொல்லாமல் அளக்கும் கோலை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் அந்தக் கம்பியை அளந்தார். லோடின் உயரத்தைக் கழித்தால் நாலடிதான் மிஞ்சியது. மூன்று முறை அளந்தார். கம்பி அவருக்காக மேலே ஏறிக்கொடுக்குமா?

ஆனால் கம்பெனியில் யாரும் கம்பியைச் சந்தேகப்படவில்லை. ராஜமாணிக்கத்தின் சீட்டு தப்பாகாது, சீட்டில் ஐந்தரை அடி இருக்கிறது, ஆகவே பாலகிருஷ்ணன் எழுந்து நின்றிருக்கிறான். முதல் நாள் "நான் பார்க்கலை" என்ற டிரைவர் மூன்றாம் நாள் "நின்ன மாதிரிதான் இருந்தது" என்றான். பாலகிருஷ்ணன் நின்றதாகிவிட்டால் கம்பெனிக்கும் தலைவலி இல்லை. ஒரு மனிதன் இருபத்திரண்டு வருஷம் சம்பாதித்த நல்ல பேர், இன்னொருவன் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது.

வீட்டில் மனைவி அம்சவல்லியிடம் மட்டும் சொன்னார். செராமிக் கம்பெனியில் அச்சுகளுக்குக் களிமண் கூழ் ஊற்றிவிட்டு வந்தவள், மணிக்கட்டில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டியபடியே கேட்டாள்.

"கல்யாணப் பத்திரிகை குடுத்து முடிச்சாச்சுங்க. இப்ப போலீசு, கேசுன்னு வந்தா அவங்க பொண்ணு எடுப்பாங்களா? வைகாசி போவட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல ராஜமாணிக்கத்துக்கு யோக்கியதை ஏது? அவள் சொல்வதற்கு முன்பே அவர் அதைத்தான் முடிவு செய்திருந்தார். பாலகிருஷ்ணனைப் பார்க்க இரண்டு முறை சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பியிருந்தார். இது மூன்றாவது முறை.

சிதம்பரம் பஸ் சேத்தியாத்தோப்பைத் தாண்டியபோது உச்சி வெயில். சாலையின் குறுக்கே வரும் ஒவ்வொரு கம்பியையும் ஜன்னல் வழியே நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

வார்டில் சிவசங்கரி புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ராஜமாணிக்கத்தைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தள்ளிப்போட்டாள்.

"வாங்கணா. நீங்களாவது சொல்லுங்க. ராவெல்லாம் தூங்கறதில்ல. வாயிலயே கணக்கு போட்டுக்கினு இருக்குறாரு."

"என்ன கணக்கு?"

பாலகிருஷ்ணன் தலையைத் திருப்பினான். பதிமூன்று நாளில் பாதியாகியிருந்தான். வலது தோளில் கட்டு உருண்டையாக இருந்தது.

"ஒக்காந்தா நான் மூணடி இருப்பனாணா? கைய நீட்டுனா இன்னொரு ஒன்றர. ஆக நாலர. உங்க சீட்டுல அஞ்சர. ஒரு அடி மிச்சம் கெடக்குதே, கம்பி எப்படிணா புடிக்கும்?"

ராஜமாணிக்கம் கேரி பேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நூறு தடவ போட்டுப் பாத்துட்டேன். உங்க சீட்டு தப்பாவாது. அப்ப நான்தான எழுந்து நின்னுருக்கணும்? எனக்கு ஞாபகமே இல்லணா. ஒக்காந்துகினு இருந்த மாதிரியேதான் இருக்குது. கரண்டு அடிச்சதுல புத்தியும் போயிடுச்சா?"

"தெனமும் சொல்லித்தான் அனுப்புவேன், மேல நிக்காத, மேல நிக்காதன்னு," என்றாள் சிவசங்கரி. சலிப்பும் கோபமும் குரலில் கலந்திருந்தன. "வர்ற சனமெல்லாம் திட்டிட்டுப் போவுது. கொழுப்பெடுத்துப் போயி நின்னானாம்னு எங்க அப்பாவே சொல்றாரு. நான் என்னா பேசறது?"

"அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்கணா." அவன் கண் கேரி பேக்குக்குப் போனது. "அது என்னா பேப்பரு?"

"ஆபீஸ்ல குடுத்தாங்க."

"ரேகை வெக்கணுமா? குடுங்க."

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. இடது கையை நீட்டினான். சிவசங்கரியே இங்க் பேடைத் திறந்து அவன் பெருவிரலில் மை தொட்டுவிட்டாள். ராஜமாணிக்கம் தாளைக் கட்டிலின் மேல் வைத்துப் பிடித்தார். விரல் கட்டத்துக்கு மேலே வந்தபோது தாளைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"வேணாம் பாலு. நீ எழுந்து நிக்கல."

"என்னாணா சொல்றீங்க?"

"காலையில ஆறு மணிக்கு அளந்தேன். கயலு நிச்சயதார்த்தத்தன்னிக்கி. மத்தியானம்னு பொய் எழுதினேன். நீ அடிபட்ட மறுநாளு போயி அளந்து பாத்தேன். நாலடிதான் இருந்தது."

பாலகிருஷ்ணனின் உதடு அசைந்தது. நாலு, நாலரை என்று முணுமுணுத்தான். பிறகு அவன் முகம் மலர்ந்ததை ராஜமாணிக்கம் பார்த்தார். சத்தியமாக மலர்ந்தது.

"சிவா! கேட்டியாடி? நான் ஒக்காந்துதான் இருந்தேன்! அரையடி இடிக்குது!" பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பினான். "பெரியவரே, நான் எழுந்திருக்கலயாம். என் புத்தி நல்லாத்தான் இருக்குது!" கண்ணீர் காதுக்குள் வழிந்தது. சிவசங்கரி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேனே, உன்னப் போயி திட்டித் தீத்துட்டேனே," என்று அழுதாள்.

அவன் காறித் துப்பியிருந்தால் ராஜமாணிக்கம் தாங்கியிருப்பார். இந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, அளந்த நேரம், எழுதிய நேரம், இரண்டு அளவுகள் எல்லாவற்றையும் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, கம்பெனிக்குத் திருப்பிக் கொண்டுபோகாமல் சிவசங்கரியிடம் நீட்டினார்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும்மா. நாளைக்கு விசாரணையில நானும் இதையே சொல்லிடுறேன்."

அவள் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். வேலை போகும், கேஸ் வரும், வைகாசிக் கல்யாணம் என்ன ஆகுமோ தெரியாது. அம்சவல்லியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தார். ஆனாலும் நெஞ்சில் ஒரு ஓரம் லேசாகியிருந்தது. அதற்கும் அதிக ஆயுசு இல்லை.

"மறுநாளே அளந்தீங்களாணா?" என்று கேட்டான் பாலகிருஷ்ணன். அழுகை நின்றிருந்தது.

"ஆமா."

"அப்ப பன்னெண்டு நாளாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நடுவுல ரெண்டு தடவ வந்தீங்களே. ஆரஞ்சு வாங்கியாந்தீங்களே. எழுந்து நின்னுட்டனோ, எழுந்து நின்னுட்டனோன்னு உங்ககிட்டதான நான் கேட்டேன்?"

ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பா அளந்தீங்க, சரி, போவட்டும். மனுசனுக்கு அவசரம் வரும்." அவன் குரல் உயரவில்லை. "கம்பி என்னைத் தெரியாமத்தான் புடிச்சுதுணா. நீங்க தெரிஞ்சுதான ஒக்காந்துகினு இருந்தீங்க?"

பாலகிருஷ்ணன் சுவர் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தான். கட்டுப் போட்ட தோள் அந்தப் பக்கம் இருந்ததால் முடியவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

ராஜமாணிக்கம் ஸ்டூலிலிருந்து எழுந்தார். இங்க் பேடை மூடி எடுத்துக்கொண்டு, நாக்குப் பழக்கத்தில், "போயிட்டு வரேன்," என்றார்.

சிவசங்கரி முந்தானையால் புருஷனின் பெருவிரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

"போங்க. வர வாணாம்."