புரட்டிப் போடும் முறை

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மகனோடு வந்த சரசு வேறொன்று கேட்டாள்.

"படுத்த படுக்கையா கெடக்கறவங்கள எப்படிம்மா பொரட்டிப் போடுவ?"

எழிலரசிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிளஸ் டூவில் நர்சிங் குரூப் எடுத்துப் படித்து முடித்தவள். அடி அண்ணாமலை ஊரில் ஒரு நாயாவது அதைப் படிப்பென்று மதித்ததா? பீ மூத்திரம் அள்ளப் போகிறாயா என்று சொந்தக்காரர்கள் இளித்ததுதான் மிச்சம். இப்போதுதான் வேங்கிக்கால் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வந்தவர்களுக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போவேன் என்று சொல்லிக் கழன்றுகொள்வதாகத்தான் இருந்தாள். ஆனால் படித்ததை மதித்து ஒருத்தி கேட்கும்போது வாய் சும்மா இருக்குமா?

"அடிக்கடி திருப்பணும்ங்க. இல்லன்னா முதுகுல புண்ணு வந்துடும்."

தலையணையைப் பாயில் கிடத்தி, போர்வையால் உருட்டி, செய்தே காட்டினாள். அருணாதேவி டீச்சர் முன்னால் செய்முறைத் தேர்வில்கூட இவ்வளவு அழகாகச் செய்ததில்லை.

சரசு தன் மகன் பிரகாஷைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

"இவங்கப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுங்க. ஆள் வச்சா ஒருத்தியும் நிக்க மாட்டேங்கறா. அதான் நர்சுக்குப் படிச்ச பொண்ணா தேடினோம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! எழிலரசி அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, திங்கக்கெழம நான் வேலைல சேரணும்."

"இதுவும் அதே வேலதானம்மா? படிச்ச படிப்பு வீணாப் போவாது," என்றார் வேடியப்பன். நேற்றுவரை அந்தப் படிப்பைக் கரித்துக்கொட்டியவர், இப்போது முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

அம்மாவாவது வாயைத் திறப்பாளா என்று பார்த்தாள். ஜோதியம்மாள் தாம்பூலத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சரசு எழுந்து வந்து அவள் தலையில் பூ வைத்தாள். "கிளவுஸ் எல்லாம் பொட்டி பொட்டியா வாங்கி வச்சிருக்கேன்மா. உனக்கு ஒரு கொறையும் இருக்காது."

"ஏன் அத்தை," என்றாள் எழிலரசி, "அங்க எனக்கு டூட்டி எத்தனை மணிக்கு முடியும்?"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சரியான வாயாடி என்று சரசு அவள் கன்னத்தைக் கிள்ளினாள். சிரித்துக்கொண்டே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.