வாய் தவறி வந்தது

சட்டைகளுக்குக் கை தைக்கிற வேலை அவளுக்கு. வயிறு பெரிதாகி மெஷினில் இடிக்க ஆரம்பித்திருந்த சமயம், கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் மறுபடி வரச் சொன்னார்கள். சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

ஆலோசகர் அறையின் கதவு சரியாகச் சாத்தாது. ஆலோசகர் அம்மா அதற்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல், ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொன்னார்.

"ஆள் மாறிப் போயிருக்கும்க்கா."

"இல்லம்மா. திரும்பவும் பாத்து உறுதி பண்ணிட்டோம்."

"நான் அப்படிப்பட்டவ இல்ல."

"நான் அதைக் கேக்கவே இல்லையே. உடனே மாத்திரை ஆரம்பிச்சா, குழந்தைக்குப் போகாம பெரும்பாலும் தடுத்துடலாம். நீங்களும் நல்லா இருக்கலாம். வீட்டுக்காரரும் பரிசோதனை பண்ணிக்கணும். அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க." புருஷன் தன்மேல் பழி போடுவான், மாமியார் ஊரைக் கூட்டுவாள் என்று பயந்தாள்.

மறுநாள் அவளோடு புருஷன் வந்தான். பஸ் மெக்கானிக், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். ஆலோசகர் விஷயத்தைச் சொன்னதும் தரையைப் பார்த்தான். கத்தவில்லை. யாரால், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் நன்றியோடு அவனைப் பார்த்தாள்.

ஆலோசகர் மாத்திரையைப் பற்றி விளக்கினார். ஒரு வேளைகூட விடக் கூடாது, முதலில் கொஞ்சம் தலை சுற்றலாம்.

"படுக்கப் போறப்ப போட்டா அவ்வளவா தெரியாது," என்றான் அவன்.

ஆலோசகர் பேச்சை நிறுத்தினார். அவள் மெல்லத் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "முன்னாடியே போட்டுட்டிருந்தேன். வேற ஆஸ்பத்திரியில. கல்யாணத்துக்கப்புறம் நீ பாத்துடுவேன்னு நிறுத்திட்டேன்."

"அத்தைக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினான். "சொல்லியிருந்தா நீ என்னைக் கட்டியிருக்க மாட்ட."

"மாட்டேன்தான்," என்றாள் அவள். பிறகு ஆலோசகரிடம், "இவரை வெளிய போகச் சொல்லுங்கக்கா."

அவன் போனதும் உடைந்து அழுதாள். ஆலோசகர் அழாதே என்று சொல்லவில்லை. வெளியே காத்திருந்தவர்களை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ரொம்ப நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாத்திரையை எப்படிப் போடணும், திரும்பச் சொல்லுங்க. ஒண்ணும் மண்டையில ஏறல," என்றாள்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். விஷயம் தெரிந்ததும் அக்கா அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். ஆலோசகர் வரவழைத்துப் பேசியபின் தட்டு ஒன்றானது. ஆனாலும் அவள் குடித்த டம்ளரை அக்கா இரண்டு முறை கழுவுவாள். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவாள்.

பெண் குழந்தை பிறந்தது. நடக்கப் பழகிய பிறகு எடுத்த கடைசிப் பரிசோதனையிலும் குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அதைக் கேள்விப்பட்டு அவன் வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"மறுபடி மாத்திரை போடுறேன்," என்றான்.

"போடுங்க," என்றாள். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.